அருவிச் சத்தம்

என்ரை மனிசன் செத்த அண்டைக்கு நான் அருவி பார்த்துக்கொண்டு நிண்டனான். நெத்தியிலை பொட்டு, உடம்பிலை தம்பியின்ரை பெரிய ஜக்கெற், வாயெல்லாம் பல்லு. படம் இருக்கு. நம்பாத ஆக்களுக்குக் காட்டுவன்.

அவர் செத்தது எல்லாருக்கும் தெரியும். உரும்பிராயிலை தெரியும், ஒஸ்லோவிலை தெரியும், லண்டனிலை இருக்கிற அவற்றை ஒண்டுவிட்ட தங்கச்சிக்கும் தெரியும். பெண்சாதி எனக்கு மட்டும் தெரியாது. மூண்டு நாள் என்னை ரெயினிலையும் கப்பலிலையும் ஏத்தி இறக்கி மலை காட்டினவை. அதை நினைக்க இப்பவும் எனக்குப் பத்திக்கொண்டு வரும். இருங்கோ, ஒழுங்காய்ச் சொல்லுறன்.

என்ரை பேர் சிவகாமி. மனிசன் சபாரத்தினம், தண்ணி இறைக்கிற மெசின் திருத்திறவர். எங்கடை பக்கம் ஆறு கிடையாது, மலை கிடையாது. அருவியை நாங்கள் கலண்டரிலை தான் கண்டது. கிணறும் மெசினும் தான் எங்களுக்கு. இவர் ஒரு வீட்டுக்குத் திருத்தப் போனால் மெசினிலை கை வைக்க மாட்டார். முதல் அதைப் போட்டுவிட்டிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிண்டு சத்தத்தைக் கேப்பார். பாக்கிற ஆக்கள் மனிசன் நித்திரையாய்ப் போச்சு எண்டு நினைப்பினம். வீட்டிலையும் உந்த விளையாட்டுத் தான். நான் குசினியிலை சட்டி வைக்கிற சத்தத்திலை என்ரை கோவம் எவ்வளவு எண்டு கண்டுபிடிச்சிட்டு, அண்டைக்கு முழுக்கக் கிட்ட வர மாட்டார்.

எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. எனக்கு ஒரேயொரு தம்பி, அருட்செல்வம். அம்மா செத்தாப் பிறகு நான் தான் அவனுக்குச் சோறு தீத்தி வளர்த்தது. சண்டைக் காலத்திலை போனவன், ஒஸ்லோவிலை பஸ் ஓடுறான், ஸ்டோவ்னர் எண்ட இடத்திலை ஒரு மாடி வீட்டிலை இருக்கிறான். "அக்கா, அத்தானையும் கூட்டிக்கொண்டு ஒருக்கா வந்து பார்" எண்டு வருசக்கணக்காய்க் கேட்டுக்கொண்டிருந்தவன். இவருக்குப் பிளேன் எண்டால் பயம். அதை வெளியிலை சொல்ல மாட்டார். ஆட்டுக்கு ஆர் குழை போடுறது, வாழைக்கு ஆர் தண்ணி விடுறது எண்டு சாட்டுச் சொல்லுவார்.

"நீர் போட்டு வாரும் சிவகாமி. ஒவ்வொரு நாளும் பார்த்ததை எனக்குச் சொன்னால் காணும். நானும் பார்த்த மாதிரித் தான்" எண்டார்.

அப்பிடித் தான் போன ஆனி மாதம் தனிய வெளிக்கிட்டனான். விமானத்துக்கை ஏறுமட்டும் எனக்கு அழுகை. இவர் கண்ணாடிக்கு அங்காலை நிண்டு கை காட்டிக்கொண்டு நிண்டார். அந்தக் கையைத் தான் நான் கடைசியாய் நேரிலை கண்டது.

போன அடுத்த நாளே தம்பி என்னை விகெலான்ட் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஊரிலை இருந்து ஆர் வந்தாலும் அங்கை இருக்கிற எங்கடை சனம் முதல் காட்டுற இடம் அது தானாம். அட கோதாரி! பாக்கிற பக்கமெல்லாம் துணியில்லாத சிலையள். கிழவன், கிழவி, குஞ்சு குருமான் எல்லாம் அம்மணம். நான் போனிலை வீடியோ போட்டு இவரைக் கூப்பிட்டு, போனை நிலத்தைப் பாக்கத் திருப்பிப்போட்டு, "இஞ்சேருங்கோ, காட்ட ஒண்டும் இல்லை, நல்ல புல்லு" எண்டன். மனிசன் விட்டால் தானே.

"தண்ணி விழுகிற சத்தம் கேக்குது. அதைக் காட்டும்."

நடுவிலை ஒரு பெரிய தொட்டி. ஆறு ஆம்பிளையள் தூக்கிப் பிடிச்ச கோப்பையிலை இருந்து தண்ணி வழியுது. ஆறு பேரும் அம்மணம். நான் என்ன செய்யிறது, அவங்கடை தலைக்கு மேலை இருக்கிறதை மட்டும் காட்டினன். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நல்ல மோட்டர் சிவகாமி, இரைச்சலே இல்லை" எண்டு உரும்பிராயிலை இருந்து தீர்ப்புச் சொன்னார். தம்பி விழுந்து விழுந்து சிரிச்சான்.

பிறகு கடற்கரையிலை ஒப்பரா மண்டபம். அதின்ரை கூரையிலை ஆக்களை நடக்க விடுறாங்கள். எங்கடை ஊரிலை கூரையிலை ஏறினால் ஓடு உடையும் எண்டு அடி விழும், அங்கை ஏறிப் படம் எடுக்கினம். "மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?" எண்டு இவர் கேட்டார். "நேரை கடலுக்கை" எண்டன். "அநியாயம்" எண்டார். ஹொல்மன்கொல்லனிலை பனியிலை சறுக்கிக்கொண்டு வந்து ஆகாயத்திலை குதிக்கிற மேடையைக் காட்டினன். "ஆக்கள் குதிக்கிறவையோ?" எண்டு கேட்டார். "ஓம்" எண்டன். "ஆர் தள்ளிவிடுறது?" எண்டார். எனக்கு நாரி நோகுமட்டும் சிரிப்பு. இப்பிடித் தான் ஒரு கிழமை போனது. நான் பார்த்ததிலும் பாக்க அவருக்குச் சொன்னது தான் எனக்குப் புழுகம், சந்தோசம்.

புதன்கிழமை கதைச்சது கடைசி. அடுத்த நாள் ரெயினிலை மலைக்குப் போறம், வழியிலை ஒரு பெரிய அருவி, ரெயினை நிப்பாட்டி ஆக்களை இறக்கிக் காட்டுவாங்களாம் எண்டு சொன்னன். இவர் எழும்பி நிமிர்ந்து இருந்தார்.

"அருவியைப் படத்திலை எத்தனை தரம் பார்த்தாச்சு. படத்திலை பாட்டெல்லோ போடுறாங்கள். நீர் எனக்கு அதின்ரை சத்தத்தைப் பிடிச்சுக்கொண்டு வாரும். ஆனால் ஒரு சொல்லு. அந்த நேரம் மட்டும் உம்மடை வாயை மூடிக்கொண்டு நிக்கவேணும்."

"நான் எப்ப வாயைத் திறந்தனான்?" எண்டன்.

அவர் சிரிச்சார். முழுப் பல்லும் தெரியச் சிரிச்சார். அதோடை வைச்சிட்டம்.

வியாழன் விடிய எழும்பினால் வீடு ஒரு மாதிரி. தம்பியின்ரை மனிசி சுகிர்தா எங்களோடை வாறதாய் இருந்தது. "மச்சாள், எனக்கு ஏலாமல் இருக்கு, நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ" எண்டாள். கண் ரெண்டும் கோவைப்பழம். கேட்டால் பூக்கால அலர்ஜியாம், அங்கை வெயில் காலத்திலை அது கன பேருக்கு இருக்காம். சாமி அறையிலை விளக்குக் கொளுத்தேல்லை, திரை இழுத்து மூடியிருந்தது. வழியிலை சாப்பிடக் கட்டித் தந்த சாப்பாட்டைத் திறந்து பார்த்தன். முதல் நாள் எனக்கெண்டு வாங்கி வைச்ச மீன் ஒரு துண்டும் இல்லை, மரக்கறி மட்டும். "என்னடி, இண்டைக்கென்ன வெள்ளிக்கிழமையோ?" எண்டு கேட்டன். அவள் என்னைக் கட்டிப்பிடிச்சாள். நான் ஒரு விசரி. எங்கடை சனம் எப்ப விளக்கை அணைச்சு மீனை நிப்பாட்டும் எண்டு எனக்குத் தெரியாதோ? எத்தனை செத்தவீட்டைப் பார்த்தனான். ஆனால் சொந்த மனிசனை ஆர் அப்பிடி நினைக்கிறது?

ரெயினிலை ஏறினவுடனை இவருக்கு அடிச்சன். மணி போகேல்லை.

"அத்தான்ரை போன் கிணத்துக்கை விழுந்திட்டுதாம் அக்கா" எண்டான் தம்பி, யன்னலுக்கு வெளியாலை பார்த்துக்கொண்டு. "மெசின் பாக்கக் குனிஞ்சவராம். வேறை போன் வாங்கினாப் பிறகு எடுக்கிறாராம். நீ பாக்கிறதை எல்லாம் படமாய்ப் பிடிச்சு வைக்கட்டாம்."

நம்பினன். ஏன் நம்பமாட்டன்? சட்டைப் பொக்கற்றிலை போனை வைச்சுக்கொண்டு கிணத்துக்கை குனியாதேங்கோ எண்டு எத்தனை தரம் சொன்னனான். வந்துதே எனக்கு ஆத்திரம்! அந்த ரெயின் சுரங்கத்துக்கை பூந்து பூந்து வெளிக்கிடுது, வெளியாலை ஆனி மாதத்திலையும் பனி கிடக்கிற மலையள், கண்ணாடி மாதிரி ஏரியள், நான் ஒண்டையும் பாக்கேல்லை. இவரைப் பேசிக்கொண்டே போனன். சொன்ன சொல்லுக் கேக்காத மனிசன். கண்டறியாத மெசின். நான் வந்து குடுக்கிறன் அவருக்கு. தம்பி எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

கிணத்தடியிலை விழுந்தது போன் இல்லை. அண்டைக்கு விடிய வாழைக்குத் தண்ணி விடப் போனவர், மெசினைப் போட்டுவிட்டிட்டு அப்பிடியே சரிஞ்சிட்டார். பக்கத்து வீட்டுச் சனம், மெசின் நிக்காமல் ஓடிக்கொண்டிருக்குதே எண்டு எட்டிப் பார்த்துத் தான் கண்டது. செத்துக் கிடந்த மனிசனை நான் மலை முழுக்கப் பேசிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்.

மலை உச்சியிலை இறங்கி, கீழை ஃப்ளோம் எண்ட ஊருக்குப் போற குட்டி ரெயினிலை மாறி ஏறினம். கொஞ்ச நேரத்தாலை அது நிண்டுது. எல்லாரும் அடிபட்டு இறங்கினம். அம்மாளாச்சி! நான் என்னெண்டு சொல்ல. மலையிலை இருந்து வெள்ளை வெளேரெண்டு தண்ணி இடிஞ்சு விழுது. நிண்ட மேடை காலுக்குக் கீழை அதிருது. நூறு மெசின், இல்லை, உரும்பிராயிலை இருக்கிற அத்தனை மெசினையும் ஒண்டாய்ப் போட்டால் அப்பிடிக் கேக்கும். அந்தப் பாறையிலை சிவத்தச் சட்டை போட்ட ஒரு பொம்பிளை வந்து நிண்டு பாட்டுக்கு ஆடினாள். மலையிலை இருக்கிற மோகினி வந்து ஆக்களைக் கூப்பிடுதாம், வாற ஆக்களுக்காக இப்பிடி ஆடிக் காட்டுவினமாம்.

எனக்கு இவரிலை இருந்த கோவமெல்லாம் தண்ணியோடை போட்டுது. ஐயோ, இதை இவர் கேக்கவேணுமே எண்டு வீடியோவைப் போட்டுப் போனைத் தூக்கிப் பிடிச்சன். வாயை மூடச் சொன்னவர் தான். ஆனால் மூடேலுமோ? "இஞ்சேருங்கோ, கேக்குதோ? இது தான். இந்தப் பாட்டு இவங்கள் போட்டது, அதைக் கணக்கெடுக்காதேங்கோ, தண்ணியைக் கேளுங்கோ" எண்டு கத்திறன். பிறகு தம்பியின்ரை பக்கம் போனைத் திருப்பினன். அவன் எல்லாருக்கும் பின்னாலை, பாறையோடை ஒட்டிக்கொண்டு நிண்டான். முகம் முழுக்க நனைஞ்சு வடியுது.

"உங்கடை மச்சானைப் பாருங்கோ! தண்ணி தெறிச்சுக் குளிச்சுப்போய் நிக்கிறான், எருமை மாதிரி!"

எண்டு சொல்லிச் சிரிச்சன். தம்பி கையாலை முகத்தைத் துடைச்சுப்போட்டு, "வா அக்கா, உன்னை ஒரு படம் எடுக்கிறன்" எண்டான். நான் முதல் சொன்ன படம் அது தான்.

அண்டிரவு ஃப்ளோமிலை தங்கினம். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, ஃபியோர்ட்டிலை கப்பல் ஓட்டம். கடல் மலையளுக்கு நடுவிலை ஒடுங்கின ஒழுங்கை மாதிரி நீண்டு போகும், அது தான் ஃபியோர்ட். ரெண்டு பக்கமும் மலை நேர் குத்தாய் நிக்கும், எங்கை பார்த்தாலும் நூல் நூலாய் அருவி. கடல் பறவையள் கப்பலுக்கு மேலாலை பறந்து வந்து கையிலை இருக்கிற பாண் துண்டைக் கொத்திக்கொண்டு போகும். நான் சின்னப்பிள்ளை மாதிரிப் பாணைப் பிச்சுப் பிச்சுப் போட்டன். தம்பி கீழை கழிவறைக்குப் போனவன் வரவே இல்லை. எவ்வளவு நேரம்! வயித்தைக் குழப்பிப் போட்டுதாக்கும் எண்டு நினைச்சன். வரேக்கை கண் சிவந்து கிடந்தது. "கடல் காத்து" எண்டான்.

அந்த நேரம் தான் உரும்பிராயிலை பிரேதம் எடுத்தது. இப்பத்தைய செத்தவீடு எல்லாம் கமெராவிலை நேரடியாய் வெளிநாட்டுக்குக் காட்டுறவையெல்லோ. தம்பி கழிவறைக் கதவைப் பூட்டிப்போட்டு, போனிலை தன்ரை அத்தான்ரை செத்தவீட்டைப் பார்த்திருக்கிறான். மேலை நான் பறவைக்குப் பாண் போட்டிருக்கிறன்.

அண்டிரவு பேர்கனிலை தங்கினம். மரவீடுகள், மீன் சந்தை, மழை. சனிக்கிழமை திரும்பி ஒஸ்லோ ரெயின். ஒஸ்லோ கிட்டக் கிட்டத் தம்பி என்னைச் சாப்பிடு சாப்பிடு எண்டு துவங்கினான். ரெயின் கடையிலை வாஃபிள் வாங்கி வந்தான், பாண் வாங்கி வந்தான், சூப் வாங்கி வந்தான். "எனக்கென்ன வயிறோ, குதிரோ?" எண்டு பேசினன். அவன் சூப்பைக் கரண்டியிலை அள்ளி என்ரை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தான். "அக்கா, எனக்காக. கொஞ்சம் சாப்பிடு." ஆக்கள் பாக்கினமே எண்டு வாயைத் திறந்தன். செத்த செய்தி சொல்ல முதல் ஆளுக்குச் சாப்பாடு குடுத்திடவேணும், பிறகு இறங்காது எண்டு எங்கடை சனத்துக்குத் தெரியும். அவனும் அதைத் தான் செய்தான். எனக்குத் தான் விளங்கேல்லை.

ஸ்டோவ்னரிலை லிஃப்ட்டாலை இறங்கினம். தம்பி வீட்டுக் கதவடியிலை பார்த்தால் சப்பாத்துக் குவியல். ஆம்பிளைச் சப்பாத்து, பொம்பிளைச் செருப்பு, படிக்கட்டு மட்டும் போகுது.

"என்னடா, உங்கடை வீட்டிலை கொண்டாட்டமோ?" எண்டு கேட்டன்.

கதவு திறந்தது. கதிரை எல்லாம் சுவரோரம். நடுவிலை இருந்த மேசை இல்லை. இருந்த சனம் அவ்வளவும் எழும்பி நிண்டுது, ஒருதரும் சிரிக்கேல்லை. பொம்பிளையள் என்ரை முகத்தைப் பாக்கேல்லை, நெத்தியைப் பார்த்தவை. ஒருதரும் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. சொல்லத் தேவையும் இல்லை.

"எப்ப?" எண்டு கேட்டன்.

"வியாழன் விடிய" எண்டான் தம்பி, எனக்குப் பின்னாலை நிண்டு.

"எப்ப எடுக்கினம்?"

சுகிர்தா தான், "நேற்று எடுத்தாச்சு மச்சாள்" எண்டாள்.

நான் திரும்பி அவனுக்கு ஓங்கி ஒரு அறை விட்டன். அவ்வளவு சனத்துக்கு முன்னாலை, தலை நரைச்ச ஆம்பிளைக்கு. அவன் தடுக்கேல்லை, மற்றக் கன்னத்திலையும் அடிக்கட்டும் எண்ட மாதிரி நிண்டான்.

பிறகு தான் எல்லாம் வந்தது. இவற்றை தமையனும் என்ரை தம்பியுமாய்ப் போனிலை முடிவெடுத்தவையாம். சனிக்கிழமைக்குப் பிரேதம் வைச்சிருக்கக் கூடாதாம். வெள்ளிக்குள்ளை நான் எப்பிடிப் பறந்தாலும் வந்து சேரேலாதாம். எனக்குப் பிரசர். ரிக்கெற் எல்லாம் எடுத்தாச்சு. பெறாமகன், அந்தத் தமையன்ரை பெடியன், கொள்ளி வைக்கட்டும், அவ போய்ப் பார்த்திட்டு வரட்டும், வந்தாப் பிறகு ஆறுதலாய்ச் சொல்லுவம்.

"அத்தான் உன்னைப் பாக்கச் சொல்லித் தானே அக்கா விட்டவர்" எண்டான். "அருவிச் சத்தம் பிடிச்சுக்கொண்டு வாரும் எண்டு அவர் சொன்னது எனக்குக் கேட்டது. செய்தி சொன்னால் நீ அதுக்குப் பிறகு ஒண்டையும் பாக்கமாட்டாய் எண்டு தெரியும். ரெண்டு நாள் எண்டாலும் நீ சந்தோசமாய் இரு எண்டு நினைச்சனான்."

"அந்த ரெண்டு நாளும் அவற்றை நாளடா" எண்டன். "அவரிட்டை இருந்து பறிச்சு எனக்குத் தந்திருக்கிறாய்."

என்னாலை வந்து சேரேலாது எண்டு கணக்குப் பார்த்தவை. அழ ஏலும் எண்டு ஒருதரும் கணக்குப் பாக்கேல்லை. சொல்லியிருந்தால் அந்த ஃப்ளோம் ரெயில் மேடையிலை இருந்து எண்டாலும் கதறியிருப்பன். அந்த அருவிச் சத்தத்துக்கை ஒரு வெள்ளைக்காரனுக்கும் கேட்டிருக்காது. போனை ஆரும் அவற்றை காதடியிலை பிடிச்சிருந்தால், இருபத்தொரு வயதிலை இருந்து என்னோடை இருந்த மனிசனுக்கு நான் ஒரு சொல்லுச் சொல்லியிருப்பன்.

செத்தவீட்டுப் பதிவைப் போடச் சொல்லிப் பார்த்தன். நான் இருக்கவேண்டிய இடத்திலை, தலைமாட்டிலை, ஊரிலை இருக்கிற இவற்றை சொந்தத் தங்கச்சி இருந்தாள். வாய்க்கரிசி போட்டாள். நான் போடவேண்டியது. இவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். மெசின் சத்தம் கேக்கிற மாதிரித் தான் கிடந்தார்.

எனக்கு அழுகை வரேல்லை. மெய்யாய் வரேல்லை. தம்பி கூட வாறன் எண்டு வெளிக்கிட்டான். "நீ வரக் கூடாது, என்ரை வாசல்படி மிதிக்காதை" எண்டிட்டு நான் தனிய வந்தனான். உரும்பிராயிலை வந்து இறங்கினால், வெறும் வீடு. பந்தல் கழட்டியாச்சு. சாம்பலும் கீரிமலைக் கடலிலை கரைச்சாச்சு. எனக்கெண்டு ஒண்டும் மிச்சமில்லை. வந்த சனம் நான் குழறுவன், கட்டிப்பிடிச்சு அழலாம் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டுது. நான் தேத்தண்ணி போட்டுக் குடுத்தன். "கல்லு மாதிரி இருக்கிறாள், அங்கை போய் ஊர் சுத்தினவளெல்லோ" எண்டு ஒருத்தி வேலிக்கு அங்காலை சொன்னது எனக்கு வடிவாய்க் கேட்டது. வேறை ஒருத்தி, செத்தவீடு விசாரிக்க வந்தவள், கதையில்லாமல் இருந்து போட்டு, "பின்னை, நோர்வே எப்பிடி?" எண்டாள். அவளிலை பிழையில்லை. ஆனால் அதைச் சொல்ல எனக்கு ஒரே ஒரு ஆள் தான் இருந்தது.

தம்பி ஒவ்வொரு நாளும் எடுத்தான். நான் எடுக்கேல்லை.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிஞ்சு, சனம் போய், அடுத்த நாள் விடிய நான் கிணத்தடிக்குப் போனன். அவர் விழுந்த இடம். மெசினுக்கு மேலை ஆரோ சாக்குப் போட்டு மூடியிருந்தாங்கள். கிணத்துக் கட்டிலை இருந்து, அண்டைக்குத் தான் முதல்முதலாய் அந்த அருவி வீடியோவைப் போட்டன்.

ஒரே என்ரை சத்தம். தண்ணியும் கேக்கேல்லை, ஒரு மண்ணும் கேக்கேல்லை, கேக்குதோ கேக்குதோ எண்டு நான் கத்திறது தான் கேக்குது. எனக்கு வெக்கமாய் வந்தது. ஒரு சொல்லு, வாயை மூடும் எண்டு கேட்ட மனிசன். பிறகு படம் திரும்பினது. உங்கடை மச்சானைப் பாருங்கோ எண்டு நான் சிரிக்கிறன். தம்பி பாறையோடை நிக்கிறான்.

அண்டைக்கு நான் வடிவாய்ப் பாக்கேல்லை. அவன் நிண்ட இடத்திலை இருந்து அருவி கன தூரத்திலை விழுது. அவனுக்குப் பக்கத்திலை நிண்ட பெடியன்ரை தலைமயிர் கூட நனையேல்லை. இவன்ரை முகம் மட்டும் நனைஞ்சிருக்கு. வாய் ஒரு பக்கம் கோணி இழுக்குது. தண்ணி பட்டால் வாய் கோணாது.

நான் நிப்பாட்டிப்போட்டுத் தம்பிக்கு எடுத்தன். முதல் மணியிலையே எடுத்தான்.

"அக்கா?"

"நீ எனக்குச் செய்தது பாவமடா. சாகுமட்டும் மறக்க மாட்டன்."

"ஓம் அக்கா."

"நான் அழவேண்டியதை நீ தனிய நிண்டு அழுதிருக்கிறாய்."

அவன் "அத்தான்" எண்டு ஒரு குரல் எடுத்தான். சின்னனிலை அம்மா செத்த அண்டைக்கு எடுத்த அதே குரல். அதோடை எனக்கு உடைஞ்சுது. ஐயோ, என்ரை ராசா எண்டு தலையிலை அடிச்சு அடிச்சு அழுதன். கிணத்தடியிலை நான், அங்கை மாடி வீட்டிலை அவன். பக்கத்து வீட்டுச் சனம் வேலியடிக்கு வந்தது, வந்திட்டுத் திரும்பிப் போனது.

கன நேரத்துக்குப் பிறகு தொண்டை வறண்டு ஓய்ஞ்சன். "சாப்பிட்டியோ?" எண்டு கேட்டன். "இல்லை" எண்டான். "போய்ச் சாப்பிடு" எண்டிட்டு வைச்சன்.

அந்த வீடியோவின்ரை மிச்சத்தைப் பாக்கவேணும் போல இருந்தது. திரும்பப் போட்டன். தம்பி துடைச்சுக்கொண்டு வாறான், நான் போனை நிப்பாட்ட மறந்து கையிலை தூக்கிக்கொண்டு நிக்கிறன் போல, வெறும் பாறையும் ஆக்களின்ரை காலும் தெரியுது. பாட்டு முடிஞ்சிட்டுது. தம்பி படம் எடுக்கிறான், அதுக்காக நான் பல்லைக் காட்டிக்கொண்டு, ஒண்டும் கதைக்காமல் நிண்டிருக்கிறன். அந்தக் கொஞ்ச நேரம் அருவி மட்டும் விழுது. வேறை ஒரு சத்தமும் இல்லை.

அது தான். அவர் கேட்டது அதைத் தான்.

மெசினிலை இருந்த சாக்கை எடுத்தன். போனிலை அந்த இடத்தைத் திரும்பப் போட்டு, சத்தத்தைக் கூட்டி, மெசினுக்குப் பக்கத்திலை கிணத்துக் கட்டிலை வைச்சன். அது முடியுமட்டும் நான் ஒரு சொல்லும் கதைக்கேல்லை.